பழைய வேனை கேம்பராக்கும்போது குமரி மாவட்டத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய டெம்போ மேட்டடோர் வேனையோ மாருதி ஆம்னி வேனையோ வாங்கி, உள்ளே கட்டிலும் அடுப்பும் வைத்து ஊர் சுற்ற நினைப்பவர்கள் பெரும்பாலும் வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்துத்தான் திட்டம் போடுகிறார்கள். குளிர் நாட்டில் வேனுக்குள் சூடு தங்க வேண்டும். நாகர்கோவிலில் அது வெளியே போக வேண்டும். போதாக்குறைக்கு குளச்சல், முட்டம் பக்கத்து உப்புக்காற்று, வருஷத்துக்கு இரண்டு மழைக்காலம். அந்த வீடியோக்களை அப்படியே பின்பற்றினால் தவறுகளும் சேர்ந்தே வரும்.

எல்லாவற்றுக்கும் முதலில் வருவது துரு. வண்டியை வாங்கியதும் ஆசாரியைக் கூப்பிட்டு மர வேலையை ஆரம்பிக்காதீர்கள். தரை விரிப்பை முழுக்க உரித்துப் போட்டுவிட்டு, சக்கர வளைவு, கதவின் அடிப்பகுதி, படிக்கட்டு ஓரம் என்று ஒரு ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். உள்ளே இறங்கினால் அந்தத் தகடு போய்விட்டது என்று அர்த்தம். அதன் மேலேயே பட்டி பார்த்து பெயிண்ட் அடித்துத் தரும் ஒர்க்‌ஷாப்கள் உண்டு, பார்க்க ஜோராகத்தான் இருக்கும். பட்டிக்கு அடியில் ஈரம் தங்கி, தகடு உள்ளுக்குள்ளேயே அரித்துக்கொண்டு போகும். மேலே பலகையும் அடித்துவிட்டால் ஓட்டை விழும்வரை யாருக்கும் தெரியாது. கெட்டதை வெட்டி எடுத்து, புதுத் தகடு வெல்டிங் செய்து, எபாக்ஸி பிரைமர் அடித்து, இணைப்புகளில் சீலர் வைத்த பிறகுதான் மற்ற வேலை.

வெயில் இறங்காமல் இருக்க சுவருக்குள் கண்ணாடிப் பஞ்சை அடைப்பதும் இந்த வகைத் தவறுதான். நம்ம ஊர் ஈரக்காற்றில் அது நனைந்து, தகட்டோடு ஒட்டிக் கிடக்கும். ஏசி டக்ட் வேலை செய்பவர்கள் ஒட்டுகிற கறுப்பு ரப்பர் நுரை ஷீட் தண்ணீரை உறிஞ்சாது, அது போதும். எதை ஒட்டினாலும் கதவின் அடியில் இருக்கும் சின்னத் துளைகளை மூடிவிடாதீர்கள். கண்ணாடி வழியாக இறங்கும் மழைத்தண்ணீருக்கு அதுதான் வெளியேறும் வழி. ஸ்க்ரூவுக்காகப் போடும் ஒவ்வொரு துளையிலும் பிரைமர் தொட்டு வைக்க வேண்டும். அலுமினியச் சட்டத்தில் ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூவை நேரடியாக முடுக்கினால் உப்புக்காற்றில் அலுமினியம்தான் கரையும். நடுவில் நைலான் வாஷர் போடுங்கள். கடற்கரைக் கிராமங்களில் ஃபைபர் படகு வேலை தெரிந்தவர்களிடம் ஒரு வார்த்தை கேட்பது நல்லது. உப்பை அவர்களைவிட யார் அறிவார்?

அடுத்தது எடை. 18 மி.மீ. பிளைவுட் எட்டுக்கு நாலு ஷீட் ஒன்றே முப்பது கிலோவைத் தாண்டும். 100 லிட்டர் தண்ணீர் டேங்க் என்றால் தண்ணீர் மட்டுமே 100 கிலோ. தேக்குக் கட்டில், கிரானைட் மேடை என்று வீட்டு சமையலறையை அப்படியே வண்டிக்குள் இறக்கினால், பேச்சிப்பாறைப் பக்கத்து மலை இறக்கத்தில் பழைய டிரம் பிரேக் திணறும். ஆர்.சி.யில் இருக்கும் அதிகபட்ச எடையைக் குறித்துக்கொண்டு, வேலை பாதியில் இருக்கும்போதே எடைமேடையில் ஒருமுறை ஏற்றிப் பாருங்கள். சுவருக்கு 6 மி.மீ. ஷீட்டே போதும். உள்ளூரில் ரப்பர் மரம் மலிவாகக் கிடைக்கிறதே என்று பதப்படுத்தாததை வாங்கினால் பூச்சி அரித்துவிடும்.

கூரையை வெட்டித் தூக்கும் ஆசையும் பலருக்கு உண்டு. ஃபோக்ஸ்வேகன் கேம்பர்களில் பார்த்த அழகு அது. ஆனால் பழைய வேனின் கூரை வளைவுகள்தான் மொத்தக் கூண்டையும் இறுக்கிப் பிடிக்கின்றன. வெட்டிய இடத்தைச் சுற்றிச் சட்டம் கொடுக்காவிட்டால் நாளாவட்டத்தில் கதவு சரியாக மூடாது. உயரம் கூடிய வண்டியை ஆனி ஆடியில் ஆரல்வாய்மொழி, முப்பந்தல் வழியே ஓட்டிப் பார்த்தால் மீதி புரியும். காற்றாலைகளை அங்கே சும்மாவா நட்டார்கள்? என்னைக் கேட்டால், கூரையை விட்டுவிட்டு நல்ல காற்றுப்போக்கியும் பக்கவாட்டு ஜன்னலும் வைத்தாலே ராத்திரி தூங்கலாம்.

மின்சாரத்தில் கணக்கு போடாமல் இறங்கக் கூடாது. 1500 வாட் இண்டக்‌ஷன் அடுப்பு, 12 வோல்ட் பேட்டரியிலிருந்து 125 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். 100 ஆம்பியர்-ஹவர் (ஏ.எச்.) லெட் ஆசிட் பேட்டரியில் பாதியைத்தான் பயன்படுத்தலாம் என்பதால் அது இருபது நிமிஷம் தாங்கினாலே அதிகம். அதே பேட்டரியில் 30 வாட் ஃபேன் விடிய விடிய ஓடும். வண்டி ஸ்டார்ட் ஆகும் பேட்டரியில் இதையெல்லாம் இணைக்காமல், தனி பேட்டரி வையுங்கள். பேட்டரியை ஒட்டியே ஃபியூஸ் இருக்க வேண்டும். வீட்டு வயரிங்கின் ஒற்றைக்கம்பி ஒயர் வண்டி குலுக்கலில் முறியும். பல இழை ஒயர்தான் சரி.

எல்பிஜி காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையில் படியும். ஜன்னல் திறந்திருக்கிறதே என்று நிம்மதியாக இருக்காதீர்கள். 5 கிலோ சிலிண்டரைத் தனிப் பெட்டியில் நிமிர்த்தி வைத்து, பெட்டியின் அடியில் வெளியே திறக்கும் துளை போட வேண்டும். ஆம்னியில் இன்ஜின் முன்சீட்டுக்கு அடியில் இருக்கிறது. அந்த இடத்தைத் திறக்க முடியாதபடி எதையும் நிரந்தரமாகப் பொருத்திவிடாதீர்கள்.

இனி காகிதம். கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று எல்லோரும் தள்ளிப்போடுவது இதைத்தான். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52ஆவது பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கு முரணாகும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019-இல் இதை உறுதி செய்தது. கழற்றி எடுக்கக்கூடிய கட்டிலும் பெட்டியும் ஒரு பக்கம். கூரை, இருக்கை எண்ணிக்கை, இன்ஜின், நிறம் இன்னொரு பக்கம். இரண்டாவதைத் தொடும் முன் நாகர்கோவில் (டி.என். 74) அல்லது மார்த்தாண்டம் (டி.என். 75) போக்குவரத்து அலுவலகத்தில் கேளுங்கள். ஐம்பது வயதைத் தாண்டிய வண்டியை ‘விண்டேஜ்’ என்று பதிவு செய்ய 2021-இல் விதி வந்தது. ஆனால் அந்தப் பதிவுக்கு வண்டி பழைய வடிவிலேயே இருக்க வேண்டும், அன்றாட ஓட்டத்துக்கும் அனுமதி இல்லை. கேம்பர் வேண்டும் என்பவருக்கு அது பொருந்தாது. மஞ்சள் போர்டு வண்டி வாங்கினால், சொந்த உபயோகத்துக்கு மாற்றிய பிறகே செலவை ஆரம்பியுங்கள். செய்த மாற்றங்களை இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.

பக்கவாட்டில் போடும் சோஃபா பற்றியும் சொல்ல வேண்டும். படத்துக்கு அழகுதான், ஆனால் அதில் சீட் பெல்ட் இருக்காது. வண்டி ஓடும்போது அதில் யாரையும் உட்கார வைக்காதீர்கள், பிள்ளைகளை நிச்சயமாக வேண்டாம்.