அலைக்கரைத் தூண்டிலுக்குப் பெரிய மர லூர்: முதல் பென்சில் பாப்பரைச் செய்வதும் வீசுவதும்

அலை உடையும் கரையில் நின்று பெரிய மீனுக்குத் தூண்டில் வீசுபவருக்கு, எதிர்க்காற்றிலும் தொலைவு போகும் எடையும், நுரைக்கு நடுவிலும் மீனின் கண்ணில் படும் உருவமும் கொண்ட லூர் (மீனைக் கவரும் செயற்கை இரை) தேவை. இரண்டையும் ஒருசேரத் தருவதால்தான், பிளாஸ்டிக் லூர்கள் மலிந்த பிறகும், அமெரிக்காவின் வடகிழக்குக் கடற்கரையில் ஸ்ட்ரைப்டு பாஸ் மீனைத் தேடுவோர் பலர் கையால் கடைந்த மர லூர்களை விடாமல் வைத்திருக்கின்றனர். முதன்முறையாகச் செய்பவருக்கு அவற்றுள் பென்சில் பாப்பரே ஏற்றது என்பது என் கருத்து. முன்புறம் உலோக நாக்கு (நீச்சலைத் தரும் தகடு) பொருத்திய லூரில் நாக்கின் கோணம் சற்றுப் பிசகினாலும் நீச்சல் கெட்டுவிடும். பென்சில் பாப்பரில் அந்தச் சிக்கல் இல்லை. முன்புறம் மெலிந்து, பின்புறம் பருத்து, வால் தாழ மிதக்கும் இந்த லூரின் ஆட்டம் முழுவதும் அதன் எடை எங்கே அமைகிறது என்பதைப் பொறுத்தது.

மரம்

நேரான ரேகையுள்ள, முடிச்சில்லாத, நன்கு உலர்ந்த மரத்தைத் தேர்ந்தெடுங்கள். தேவதாரு வகையைச் சேர்ந்த இலேசான மரங்கள் நன்றாக மிதப்பதால் உள்ளே ஈயம் வைக்க இடம் கொடுக்கும், பைனும் போதுமானது. மேப்பிள் போன்ற கடின மரம் மீனின் பற்களைத் தாங்கும் என்றாலும், கனமானது, உள்ளே ஈயம் வைக்க அதிக இடம் கொடுக்காது என்பதால், தொடக்கத்தில் அது வேண்டாம். 18 செ.மீ. நீளமும் 38 மி.மீ. சதுர முகப்பும் கொண்ட கட்டையை அறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் துளை, பிறகு உருவம்

கட்டை சதுரமாக இருக்கும்போதே துளையிட்டுவிட வேண்டும். உருண்டையான பிறகு அதை நேராகப் பிடித்து நிறுத்துவது கடினம். இரு முகப்புகளிலும் மூலைவிட்டங்கள் வரைந்து மையத்தைக் குறியுங்கள். 4 மி.மீ. விட்டமுள்ள நீண்ட ட்ரில் பிட்டால் ஒரு முனையிலிருந்து பாதி வரையிலும், மறுமுனையிலிருந்து மீதியையும் துளைத்தால், இரண்டும் நடுவில் சந்திக்கும். சிறிது விலகிச் சந்தித்தாலும் கம்பி நுழைந்துவிடும்; முகப்புகளில் துளை மையத்தில் இருப்பதே முக்கியம். அடுத்து, மூக்கிலிருந்து 6 செ.மீ. தள்ளி, வயிற்றுப்பக்கத்தில் 12 மி.மீ. துளை ஒன்றை நடுத்துளையைத் தொடும்வரை இறக்குங்கள். வயிற்றுத் தூண்டில் முள்ளைத் தாங்கும் ஸ்விவல் (சுழலும் உலோக இணைப்பு) இதில்தான் உட்காரும்.

மூக்கிலிருந்து வால் வரை ஒரே கம்பி ஓடவேண்டியதன் காரணத்தையும் இங்கே சொல்லிவிடுகிறேன். முட்களைத் திருகாணியால் மரத்தில் பொருத்தினால், மீனின் இழுப்பு முழுவதையும் மரம் தாங்க வேண்டும். ஊடுகம்பி இருந்தால் மரம் பிளந்தே போனாலும், மீன் கம்பி வழியாக உங்கள் தூண்டில் நரம்புடன் இணைந்திருக்கும்.

உருவாக்குதல்

கடைசல் இயந்திரம் இருந்தால் வேலை விரைவில் முடியும். இல்லையென்றால் இழைப்புளியால் நான்கு விளிம்புகளையும் சீவி எண்கோணமாக்கி, அரத்தாலும் உப்புத்தாளாலும் உருட்டிக்கொள்ளலாம். மூக்கில் 18 மி.மீ., மூக்கிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு தொலைவில் 32 மி.மீ., வாலில் 22 மி.மீ. என்ற விட்டங்கள் பொருத்தமானவை. மூக்கு முகப்பைச் சற்றுச் சாய்வாக வெட்டினால் நீரை நன்றாகத் தெறிக்கும்.

மிதப்புச் சோதனை

அவசரப்படக் கூடாத கட்டம் இதுதான். ஒரு வாளியில் லிட்டருக்கு 35 கிராம் வீதம் உப்பைக் கரைத்தால் ஏறக்குறையக் கடல்நீரின் அடர்த்தி கிடைக்கும். நடுத்துளையில் கம்பியை நுழைத்து, முட்களையும் வளையங்களையும் அவற்றுக்குரிய இடங்களில் ரப்பர் பட்டையால் கட்டி, 15 கிராம் ஈயத்துண்டு ஒன்றைப் பருத்த பகுதியின் அடியில் சேர்த்துக் கட்டி, லூரை மெதுவாக நீரில் விடுங்கள். வால் அமிழ்ந்து, மூக்கு நீருக்கு மேலே சாய்வாக நிற்க வேண்டும். விரலால் புரட்டினாலும் வயிறு கீழே வருமாறு தானே திரும்ப வேண்டும். தட்டையாகக் கிடந்தால் ஈயத்தை வாலை நோக்கி நகர்த்துங்கள். மூக்கின் நுனி மட்டும் தெரிந்தால் ஈயத்தைக் குறையுங்கள். ஈயம் மரத்துக்குள் போனதும் மிதப்பு சற்றுத் தாழும். பூச்சும் சில கிராம் கூட்டும். ஆகவே வேண்டிய அளவைவிடச் சிறிது உயரமாகவே மிதக்கட்டும்.

இடம் உறுதியானதும் அங்கே 12 மி.மீ. துளையிட்டு, நடுத்துளையைத் தொடாமல் நிறுத்தி, ஈயத்தை எப்பாக்சியால் (இரண்டு கூறுகளைக் கலந்து இறுகும் பசை) ஒட்டுங்கள். ஈயத்தை உருக்கி ஊற்றுவோரும் உண்டு. அதன் புகையும், ஈர மரத்தில் ஈயம் வெடித்துத் தெறிக்கும் ஆபத்தும் தொடக்கநிலையில் உள்ளவருக்குத் தேவையற்றவை. ஈயத்தைத் தொட்ட கைகளைச் சோப்பால் கழுவுங்கள். நனைந்த மரத்தில் நார் எழும்பியிருக்கும். நன்றாகக் காய்ந்த பிறகு மெல்லிய உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள்.

எண்ணெயும் வண்ணமும்

காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயையும் டர்பன்டைனையும் சம அளவில் கலந்து, துளைகளுக்குள்ளும் புகுமாறு லூரை ஓரிரவு ஊறவைத்துத் துடைத்து, பிசுபிசுப்பு முற்றிலும் நீங்கும்வரை ஒரு வாரமோ அதற்கு மேலுமோ உலரவிடுங்கள். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள். அது தானாகச் சூடேறித் தீப்பற்றும். நீரில் நனைத்து, திறந்த வெளியில் விரித்துக் காயவையுங்கள். பிறகு வெள்ளை பிரைமர், அதன்மேல் வண்ணம், இறுதியாக ஒளிபுகும் எப்பாக்சி. வெளிறிய வயிறும் கருத்த முதுகும் போதும். செதில்களும் கண்களும் செய்பவரின் மகிழ்ச்சிக்குரியவை.

கம்பி கட்டுதல்

1.6 மி.மீ. துருப்பிடிக்காத எஃகுக் கம்பியின் ஒரு முனையை வட்டமூக்குக் குறட்டால் வளையமாக்கி, மூன்று சுற்றுச் சுற்றி முடியுங்கள். அதை மூக்கு வழியாகச் செலுத்தி, வயிற்றுத் துளைக்குள் காத்திருக்கும் ஸ்விவலின் வளையத்துக்குள் நுழைத்து, வால் வழியே வெளியே எடுங்கள். வாலில் ஒரு பித்தளை வாஷரைக் கோத்து, கம்பியை இறுக்கி இழுத்து, அடுத்த வளையத்தைச் சுற்றுங்கள். வெட்டும்போது துண்டு தெறிக்கும் என்பதால் கண்ணாடி அணிவது கட்டாயம். வயிற்றில் 3/0 அளவு மும்முனை முள்ளையும், வாலில் மயிர் கட்டிய ஒற்றை முள்ளையும் மாட்டுங்கள். முட்களின் எதிர்க்கூர்களை நசுக்கிவிட்டால் மீனையும் எளிதில் விடுவிக்கலாம், கையில் ஏறினாலும் எடுத்துவிடலாம்.

அலையில் வீசுதல்

முடிந்த லூர் 70 முதல் 80 கிராம் வரை இருக்கும். அந்த எடையைத் தாங்கும் 10 அடி ராடு (தூண்டில் கோல்), 30 முதல் 50 பவுண்டு இழுப்பைத் தாங்கும் பின்னல் நரம்பு, அதன் முனையில் கட்ட ஒரு மீட்டர் தடித்த தங்கூஸ் ஆகியவை வேண்டும்.

விடியலிலும் அந்தியிலும், நீர் ஏறும்போதோ வற்றும்போதோ, மணல்திட்டுக்கும் கரைக்கும் இடையிலுள்ள பள்ளத்தைத் தேடுங்கள். திட்டின்மேல் அலை வெண்மையாக உடைந்து, பள்ளத்தில் அடங்கி, கரையோரம் மீண்டும் உடையும். திட்டைத் தாண்டி வீசி, ராட்டின் அடியை அக்குளில் இடுக்கி, நுனியைச் சீராக உதறிக்கொண்டே ரீலை மெதுவாகச் சுற்றுங்கள். லூர் இடமும் வலமும் தலையை ஆட்டி நீரைத் தெறிக்கும். அலை அதைக் கரைநோக்கித் தள்ளும்போது நரம்பு தளரும். அப்போது வேகமாகச் சுற்றி அதை இறுக்கமாக வைத்திருக்க வேண்டும். அலை பின்வாங்கும்போது சுற்றுவதைக் குறைத்து, லூரை ஒரே இடத்தில் ஆடவிடுங்கள். மீன் தாக்குவது பெரும்பாலும் அந்நேரத்தில்தான்.

நீர் தெறித்ததைக் கண்டதும் ராட்டை இழுக்காதீர்கள். மீனின் கனம் கையில் தெரியும்வரை உதறிக்கொண்டே இருங்கள். முதல் அடியில் தவறிய மீன் பல நேரங்களில் திரும்பி வரும். மாட்டிய மீனை, உள்ளே வரும் அலையோடு சேர்த்துச் சுற்றிக் கரையேற்றுங்கள். பின்வாங்கும் நீரில் மல்லுக்கட்டினால் முள் நிமிரும் அல்லது நரம்பு அறும். மீனைக் கழற்றும்போதும் கடலுக்கு முதுகு காட்டாமல், நீண்ட குறட்டால் மட்டுமே முள்ளைத் தொடுங்கள். துள்ளும் மீனின் வாயில் ஒரு முள் இருக்க, மற்றொன்று உங்கள் கையைத் தேடும்.

வீடு திரும்பியதும் லூரை நன்னீரில் கழுவி உலர்த்துங்கள். பல் பதிந்த இடங்களில் பூச்சு உடைந்து மரம் தெரிந்தால், அது முழுமையாகக் காய்ந்த பிறகு சிறிது எப்பாக்சி தடவி மூடிவிட்டு அடுத்த முறை எடுத்துச் செல்லுங்கள்.