காய்ச்சல் வராதவரையும் கேளுங்கள்: விலங்குவழித் தொற்று ஆய்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

விலங்குகளிடமிருந்து மனிதருக்குத் தாவும் நோய்களை ஆராயும் எங்கள் துறைக்கு ஆண்டுதோறும் புதிதாக வரும் பிள்ளைகளைப் பார்க்கிறேன். வௌவாலைப் பிடிக்கும்போது கையுறை போடு, குப்பியில் தேதி எழுது என்பதெல்லாம் முதல் வாரத்திலேயே சொல்லித்தந்துவிடுகிறார்கள். அதை இங்கே திரும்ப எழுதப்போவதில்லை. நன்றாகப் படித்து, தேர்விலும் தேறிவிட்டு, களத்தில் இறங்கியதும் எங்கள் தலைமுறை சறுக்கிய அதே இடத்தில் சறுக்குகிறார்களே, பேச்சு அதைப் பற்றித்தான்.

நோயாளியை மட்டும் கேட்பது

எனக்கு இன்னும் எரிச்சல் மூட்டுவது இதுதான். புல்வெட்டும் ஊழியர்களிடையே எலிக்காய்ச்சல் பற்றி விசாரிக்க ஒரு மாணவருடன் ஊழியர் விடுதிக்குப் போயிருந்தேன். எலியின் சிறுநீர் கலந்த தண்ணீர் தோல் வெடிப்பில் பட்டால் போதும், கிருமி உள்ளே போய்விடும். காய்ச்சல் வந்து தேறிய ஓர் அண்ணனிடம் மாணவர் கேள்வித்தாளை வரிவரியாக நிரப்பினார். வேலை முடிந்ததும் எங்கே கால் கழுவுவீர்கள்? கால்வாயில். பூட்ஸ் உண்டா? உண்டு, ஆனால் ஓட்டை. காலில் புண்? அவர் காலைத் தூக்கிக் காட்டினார். குதிகால் பாளம் பாளமாக வெடித்திருந்தது. மாணவருக்கு ஒரே குஷி.

மேல்கட்டிலில் காலைத் தொங்கவிட்டபடி இன்னொருவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். அதே குழு, அதே கால்வாய், காய்ச்சல் மட்டும் வரவில்லை. "என்னைக் கேக்கலையா தம்பி?" என்றார்.

"உங்களுக்குத்தான் காய்ச்சல் வரலையே அண்ணே" என்று டேப்லெட்டை மூடினார் மாணவர்.

அடுத்த வாரம் அவர் காட்டிய படத்தில் பெரிய எழுத்தில் இருந்தது: நோயுற்றவர்களில் 100 விழுக்காட்டினர் கால்வாய் நீரைத் தொட்டவர்கள். சரி, தொட்டிருப்பார்கள். அவர்கள் அத்தனை பேரும் சோறும்தான் சாப்பிட்டார்கள்.

1999 மார்ச்சில் சிங்கப்பூரில் ஒரு பன்றி அறுப்புக்கூடத்தின் ஊழியர்கள் 11 பேருக்கு, வௌவாலிடமிருந்து பன்றிக்கும் பன்றியிடமிருந்து மனிதருக்கும் தாவும் நிப்பா வைரஸ் நோய் வந்தது, ஒருவர் இறந்தார். நோயாளிகளை மட்டும் கேட்டிருந்தால் 'எல்லாரும் பன்றியோடு வேலை செய்தவர்கள்' என்பதுதான் விடை. அறுப்புக்கூடத்தில் வேறு யார் இருப்பார்கள்? ஆய்வாளர்கள் அதே கூடத்தில் வேலை பார்த்த, இரத்தத்தில் ஐஜிஎம் (அண்மையில் கிருமி தொற்றியதும் உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருள்) இல்லாத ஊழியர்களைக் குலுக்கல் முறையில் எடுத்து ஒப்பிட்டார்கள். உயிருள்ள பன்றியோடு நேரடியாகப் புழங்குவதுதான் பெரிய ஆபத்து என்பது அப்படித்தான் பிரிந்து தெரிந்தது.

'ஒப்பீட்டுக் குழுவை அப்புறம் சேர்த்துக்கொள்ளலாம்' என்பார்கள். முடியாது. ஐஜிஎம் சில மாதங்களில் குறைந்துவிடும். ஊழியர் ஊருக்குத் திரும்பியிருப்பார், இல்லாவிட்டால் வேறு முதலாளியிடம் மாறியிருப்பார். ஞாபகமும் அப்படியே இருக்காது. 2015இல் சிங்கப்பூரில் பரவிய பி வகை ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொற்றை எடுத்துக்கொள்ளுங்கள். பச்சிளங்குழந்தைகளையும் தாய்மாரையும் தாக்கும் கிருமி என்றுதான் எல்லாரும் படித்திருந்தோம். அந்த ஆண்டு நன்றாக இருந்த பெரியவர்களுக்கே மூளையுறை அழற்சியாகவும் மூட்டுத் தொற்றாகவும் வந்தது. நோயுற்றவர்களை மற்றவர்களோடு ஒப்பிட்டபோது, உணவங்காடிகளில் கஞ்சியோடு தரும் பச்சை நன்னீர் மீன் சிக்கியது. ஜூலையில் விற்பனையை நிறுத்தச் சொன்னார்கள், டிசம்பரில் தடையே வந்தது. செய்தி வெளியான பிறகு போய் 'பச்சை மீன் சாப்பிட்டீர்களா?' என்று கேட்டுப் பாருங்கள். நோயாளி ஆறு மாதத்துக்கு முந்தைய தட்டையும் நினைவுபடுத்திச் சொல்வார். நோய் வராதவருக்கோ போன வாரம் சாப்பிட்டதே மறந்திருக்கும்.

ஆகவே நோயாளி ஒருவரைக் கேட்டால், நோய் வராத இருவரையாவது அதே இடத்தில், அன்றே, அதே கேள்வித்தாளோடு கேளுங்கள். இரத்தமும் எடுங்கள், 'எனக்கு ஒன்றுமில்லை' என்று அவர் சொல்வது போதாது, அறுப்புக்கூடத்திலும் அறிகுறியே இல்லாமல் தொற்றியவர்கள் இருந்தார்கள். நெறிமுறைக் குழுவிடம் அனுமதி கேட்கும்போதே இவர்களையும் சேர்த்துக் கேட்டுவிட வேண்டும். மாணவரை மறுநாளே விடுதிக்குத் திருப்பி அனுப்பினேன். மேல்கட்டில்காரர் அதற்குள் இரவு வேலைக்கு மாற்றப்பட்டிருந்தார்.

எதிர்ப்பொருள் இருந்தால் இப்போது நோய் இருக்கிறது என்று எழுதுவது

எப்போதோ வந்து போயிருக்கலாம்.

முதலில் வந்த பெயரைக் கட்டிப்பிடித்துக்கொள்வது

அறுப்புக்கூடத்துக்கு நிப்பா வந்தது மலேசியப் பன்றிகள் வழியாக. அங்கே 1998இல் ஈப்போ பக்கம் நோய் தலைகாட்டியபோது, கொசு பரப்பும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று முடிவுகட்டி, கொசுப்புகை அடித்துத் தடுப்பூசியும் போட்டார்கள். ஆனால் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் பெரும்பாலும் குழந்தைகளைத் தாக்கும். ஈப்போவில் படுத்தவர்கள் பன்றிப் பண்ணையில் வேலை செய்த ஆண்கள். தடுப்பூசி போட்டவர்களும் படுத்தார்கள். பன்றிகளே இருமின. பெயர் கையில் இருந்ததால் இதெல்லாம் விதிவிலக்காகத் தோன்றியது. அதற்குள் பன்றிகள் தெற்கே நெகிரி செம்பிலான்வரை போய்விட்டன. மலேசியாவில் 265 பேருக்கு நோய், 105 பேர் மரணம், பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகள் அழிப்பு. பெயருக்குப் பொருந்தாத நோயாளிகளுக்குத் தனிப் பட்டியல் வைத்து, வாரம் ஒருமுறை அதை உரக்க வாசியுங்கள்.

அறிக்கையின் கடைசிப் பத்தியில் வௌவாலை ஒழிக்கச் சொல்வது

வேண்டாம்.

கைக்கெட்டிய குரங்கை மட்டும் சோதிப்பது

2007இல் சிங்கப்பூரில் காட்டில் பயிற்சி எடுத்த ராணுவ வீரர் ஒருவருக்கு, குரங்குகளிடம் இருக்கும் நோலெசி வகை மலேரியா வந்தது. நுண்ணோக்கியில் பார்த்தால் அது மனிதருக்கு வரும் 'மலேரியே' (malariae) என்ற இன்னொரு மலேரியா வகை போலவே ஏமாற்றும். மரபணுச் சோதனைதான் காட்டிக்கொடுக்கும். பிறகு நீண்டவால் குரங்குகளைச் சோதித்தபோது, குடியிருப்பு ஓரத்தில் திரிந்தவற்றில் அந்தக் கிருமி இல்லை. பொதுமக்கள் நுழைய முடியாத காட்டுக்குள் இருந்தவற்றில் இருந்தது. புளோக் அடியில் வாழைப்பழம் காட்டிப் பிடித்த குரங்குகளோடு ஆய்வை முடித்திருந்தால், 'சிங்கப்பூர்க் குரங்குகளிடம் இல்லை' என்று எழுதியிருப்பார்கள். உள்காட்டுக்கு அனுமதி கிடைக்க நாளாகும். அந்த விண்ணப்பத்தை முதலில் போடுங்கள், பொறி வாங்குவதை அப்புறம் பார்க்கலாம்.