'பால் காணாது' என்று முடிவு கட்டுமுன்

திருநெல்வேலிப் பக்கம் 'போதாது' என்பதைவிட 'காணாது' என்பதுதான் வாயில் வரும். சோறு காணாது, துணி காணாது, நேரம் காணாது. பிள்ளை பிறந்து மூன்றாம் நாள் ராத்திரி இதே சொல் தாயின் காதில் விழுகிறது: "ஏட்டி, பால் காணாது போலிருக்கே." சொல்வது பெரும்பாலும் ஆச்சி, இல்லையென்றால் அத்தை. பிள்ளைமேல் உள்ள பாசத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் நன்றாக ஊற வேண்டிய தாய்ப்பாலை வற்றவைப்பதில் இந்தச் சொல்லுக்கு ஈடு வேறில்லை. தன் முதல் பிள்ளைக்கு இப்படிப் பால்மாவு டப்பா வாங்கி, ஒரே மாதத்தில் பால் நின்றுபோனவர்களே இன்று மகளின் பேறுகாலத்தில் அதே டப்பாவை வாங்கிவரச் சொல்கிறார்கள்.

கை கழுவுவது, பிள்ளையின் தலையைத் தாங்கிப் பிடிப்பது போன்றவை யாருக்கும் தெரிந்தவை. அவற்றை இங்கே சொல்லவில்லை. வீடுகளில் அடிக்கடி நடக்கிற தவறுகளை மட்டும் பார்க்கலாம்.

சேனை

பிறந்த பிள்ளையின் வாயில் முதன்முதலாகத் தொட்டு வைப்பதுதான் சேனை. அதற்குத் தேன், சீனித்தண்ணி, கழுதைப்பால் எதுவும் வேண்டாம். தேனில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமியின் வித்துகள் ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளையின் குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கும். கைகால் துவளும், உறிஞ்சும் பலம் போகும், மூச்சே தடைப்படலாம். வீட்டில் காய்ச்சும் சூட்டுக்கு அந்த வித்துகள் சாகாது. சேனை தொட்டு வைத்தே ஆகவேண்டும் என்று பெரியவர்கள் நின்றால், தாயின் சீம்பாலையே ஒரு சொட்டு எடுத்துக் கொடுங்கள். கழுவிய விரலால் அதைத் தொட்டு வைக்கட்டும்.

மூன்றாம் நாள் ராத்திரி வாங்கும் டப்பா

வீடு மேலப்பாளையமோ அம்பாசமுத்திரமோ, நடப்பது ஒன்றுதான். பிள்ளை இருபது நிமிடம் குடித்துவிட்டுக் கண்ணயர்கிறது. கீழே போட்ட பத்தாம் நிமிடம் வீறிடுகிறது. மறுபடி போட்டால் குடிக்கிறது, மறுபடி அழுகிறது. ஆச்சி வந்து காம்பைப் பிதுக்கிப் பார்க்கிறாள். மஞ்சளாக நாலு சொட்டு. "இது எப்படிக் காணும்?" ராத்திரி பதினோரு மணிக்குப் பிள்ளையின் அப்பா பைக்கை எடுத்துக்கொண்டு திறந்திருக்கிற மெடிக்கலைத் தேடி அலைந்து, ஒரு டப்பாவும் ஒரு பால்புட்டியும் வாங்கி வருகிறார். 60 மில்லி கலக்குகிறார்கள். பிள்ளை ஐந்தே நிமிடத்தில் குடித்துவிட்டு நான்கு மணி நேரம் தூங்குகிறது. "பசியிலதான் அழுதிருக்கு, சொன்னாக் கேக்கியா?" வீடே நிம்மதியாகப் படுக்கிறது.

விடியற்காலையில் தாய் விழிக்கும்போது ஜாக்கெட் நனைந்திருக்கிறது. இரண்டு மாரும் கல் மாதிரி. பால் வந்துவிட்டது. ஆனால் இறுகிப்போன மார்பைப் பிள்ளையால் கவ்வ முடியவில்லை. அழுகிறது. மறுபடி புட்டி. பத்தாம் நாள் ஒரு நாளைக்கு மூன்று வேளை டப்பாப்பால், முப்பதாம் நாள் எட்டு வேளை. அதற்குப் பிறகு ஊரில் பேச்சு: "அவளுக்குப் பால் இல்ல."

இதில் என்ன தவறு என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். முதல் நாளில் பிள்ளை ஒரு வேளைக்குக் குடிப்பது சுமார் 5 முதல் 7 மில்லி, ஏறக்குறைய ஒரு தேக்கரண்டி. மூன்றாம் நாளில் 25 மில்லி அளவுக்கு வரும். 45, 60 மில்லி எல்லாம் முதல் வாரக் கடைசியில்தான். ஆகவே மூன்றாம் நாள் 60 மில்லி என்பது இரண்டு மடங்குக்கும் மேல். அந்த நான்கு மணி நேரத் தூக்கம் அளவுக்கு மீறி வயிறு நிறைந்ததால் வந்தது. இதுவரை பட்டினி கிடந்தது என்பதற்கு அது சாட்சி ஆகாது.

சீம்பால் மாறிப் பால் நிறைவாக இறங்குவது இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் நடுவே. ஆபரேஷன் செய்து பிறந்திருந்தாலோ தலைப்பிள்ளையாக இருந்தாலோ இன்னும் ஒரு நாள் தள்ளலாம். பிள்ளை ஓயாமல் சப்பிச் சப்பி அழுகிற அந்த மூன்றாம் நாள் ராத்திரிதான் உடம்பிடம் 'பால் கொடு' என்று அது கேட்கிற நேரம். சரியாக அந்த நேரத்தில் புட்டியைக் கொடுத்து வாயை அடைத்துவிடுகிறோம்.

மார்பில் பால் தேங்கினால் சுரப்பு குறையும், காலியானால் வேகமாகச் சுரக்கும். எவ்வளவு சுரக்க வேண்டும் என்பதை முடிவு செய்வது எவ்வளவு வெளியே போகிறது என்பதுதான். ஒரு வேளை புட்டி கொடுத்து அந்த நேரத்துப் பாலை எடுக்காமல் விட்டால், 'இந்த வேளைக்குப் பால் வேண்டாம்' என்று உடம்பு கணக்கு எழுதிக்கொள்ளும். பாலைச் சுரக்கவைக்கும் ஹார்மோன் இரவில்தான் கூடுதலாக இருக்கும். 'அம்மா தூங்கட்டும்' என்று ராத்திரி வேளைகளைப் புட்டிக்கு மாற்றுவது பகலில் மாற்றுவதைவிடக் கூடுதல் நட்டம்.

பால் குறைவு என்று நம்பவைக்கிற பொய்யான அடையாளங்களும் உண்டு. சாயங்காலம் ஐந்து மணி தொடங்கி ராத்திரி வரை அரை மணிக்கு ஒருதரம் பிள்ளை குடிப்பது இயல்பு. இரண்டாம் மூன்றாம் வாரத்திலும் ஆறாம் வாரத்திலும் ஓரிரு நாள் ஓயாமல் கேட்பதும் இயல்பு. மூன்று நான்கு வாரம் ஆனதும் மார்பு தளர்ந்து மெத்தென்று ஆகும். சுரப்பு பிள்ளையின் தேவைக்குப் பழகிவிட்டது என்பதுதான் அதற்குப் பொருள். பம்ப் வைத்து எடுத்தால் 20 மில்லிதான் வருகிறது என்பதும் அளவுகோல் ஆகாது. பிள்ளையின் வாய் எடுக்கும் அளவு பம்ப் எடுக்காது.

உண்மையான கணக்கு மூன்று இடத்தில் இருக்கிறது. ஒன்று, ஈரத்துணி. முதல் நாள் ஒன்று, இரண்டாம் நாள் இரண்டு, மூன்றாம் நாள் மூன்று என்று ஏறி, ஐந்தாறு நாளில் 24 மணி நேரத்துக்கு ஆறு அல்லது அதற்கு மேல் வர வேண்டும். டயப்பர் போட்டால் இந்த எண்ணிக்கை பிடிபடாது. முதல் இரண்டு வாரம் பழைய வேட்டித் துணியைக் கிழித்துக் கட்டுங்கள். டயப்பர்தான் என்றால், புதிய டயப்பர் ஒன்றில் 45 மில்லி தண்ணீர் ஊற்றித் தூக்கிப் பார்த்து அந்தக் கனத்தைக் கைக்குப் பழக்கிக்கொள்ளுங்கள். இரண்டு, மலம். கரும்பச்சையாகப் பிசுபிசுவென்று தொடங்குவது ஐந்தாம் நாளுக்குள் மஞ்சளாகிவிட வேண்டும். மூன்று, எடை. 3 கிலோவில் பிறந்த பிள்ளை முதல் சில நாளில் 200 கிராம் வரை இறங்கினால் பயம் வேண்டாம். 300 கிராம், அதாவது பத்து சதவீதம் இறங்கினால் மருத்துவர் பார்த்தே ஆக வேண்டும். பதினான்காம் நாளுக்குள் பிறந்த எடைக்குத் திரும்பி, அதன்பின் நாளுக்கு 25 முதல் 30 கிராம் ஏற வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரே தராசில், துணியில்லாமல் எடை போடுங்கள். தராசு மாறினால் கணக்கு மாறும்.

இந்த மூன்றும் சரியாக இருந்தால், பிள்ளை எத்தனை தடவை அழுதாலும் பால் காணும்.

சரி, அந்த ராத்திரி என்னதான் செய்வது? பிள்ளையின் சட்டையைக் கழற்றித் தாயின் வெறும் நெஞ்சில் போடுங்கள், மேலே ஒரு துணியால் மூடுங்கள். இரண்டு பக்கமும் மாற்றி மாற்றிக் கொடுங்கள். சப்புவது மெதுவானால் மார்பைக் கையால் பைய அழுத்திக்கொடுத்தால் மறுபடி விழுங்கத் தொடங்கும். 24 மணி நேரத்தில் எட்டு முதல் பன்னிரண்டு தடவை என்பது அளவு.

கூடவே, பிடிப்பைப் பாருங்கள். பாதிக் குழப்பம் இங்கேதான். பிள்ளையின் காது, தோள், இடுப்பு மூன்றும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். முகம் மட்டும் திரும்பி, உடம்பு கூரையைப் பார்த்துக் கிடக்கக் கூடாது. காம்பைப் பிள்ளையின் மூக்குக்கு நேரே வைத்து மேலுதட்டைத் தொட்டால், அது கொட்டாவி விடுவதுபோல வாயைத் திறக்கும். அந்த நொடியில் பிள்ளையை மார்புக்குக் கொண்டுவர வேண்டும், மார்பைப் பிள்ளையிடம் குனிந்து கொண்டுபோகக் கூடாது. நாடி (மோவாய்) மார்பில் அமுங்கியிருக்கும், கீழுதடு வெளியே மடிந்திருக்கும், காம்பைச் சுற்றிய கருவட்டம் மேலே கூடுதலாகவும் கீழே குறைவாகவும் தெரியும். 'டக் டக்' என்று நாக்குச் சத்தம் வந்தாலோ, விட்டபின் காம்பு புது லிப்ஸ்டிக்கின் நுனிபோலச் சரிந்து நசுங்கியிருந்தாலோ பிடிப்பு தவறு. சுண்டுவிரலை வாயோரத்தில் நுழைத்து விடுவித்து, மறுபடி தொடங்குங்கள். வெடுக்கென்று இழுத்தால் காம்பு புண்ணாகும்.

தாய்ப்பாலோடு கூடுதலாகக் கொடுக்கிற மேல்பால் நிஜமாகவே வேண்டிய பிள்ளைகள் உண்டு. குறைமாதம், சர்க்கரை இறங்கியது, எடை பத்து சதவீதத்துக்கு மேல் இறங்கியது, பேறுகாலத்தில் தாய்க்கு அதிக ரத்தப்போக்கு, தைராய்டு கோளாறு. மருத்துவர் சொல்லிக் கொடுத்தால் அதில் எந்தக் குற்றமும் இல்லை. அங்கேயும் முதலில் தாயின் பாலையே பீய்ச்சிக் கொடுக்க முடியுமா என்று கேளுங்கள்.

டப்பா ஏற்கெனவே வீட்டுக்குள் வந்துவிட்டதா? ஒரே நாளில் நிறுத்தாதீர்கள், பிள்ளை வாடிவிடும். ஒவ்வொரு வேளையும் முதலில் இரண்டு மாரும், அதன்பிறகே மேல்பால், அதுவும் புட்டியில் இல்லாமல் பாலாடையில் (சங்குபோல மூக்குள்ள சிறு கிண்ணம்). கொடுத்து முடித்ததும் பத்து நிமிடம் கையால் பீய்ச்சி எடுங்கள், அதை அடுத்த வேளைக்கு மேல்பாலாகக் கொடுக்கலாம். இரண்டு மூன்று நாளுக்கு ஒருதரம் வேளைக்கு 10 மில்லி குறையுங்கள். ஈரத்துணி ஆறுக்குக் கீழே போனாலோ எடை ஏறாவிட்டாலோ குறைப்பதை நிறுத்தி மருத்துவரிடம் காட்டுங்கள். பொறுமையாகச் செய்தால் இரண்டு மூன்று வாரத்தில் பலருக்குப் பால் திரும்புகிறது.

மார் கட்டிக்கொண்டால் மல்லிகைப்பூ

பால் கட்டி வலிக்கிறது என்று மல்லிகைச் சரத்தை மார்பில் வைத்துக் கட்டுவார்கள். அது பாலை வற்றவைப்பதற்கான வைத்தியம். பால் வேண்டும் என்கிறவர்கள் அதைச் செய்யக் கூடாது.

கொடுப்பதற்கு முன் வெந்நீரில் நனைத்த துணியை இரண்டு மூன்று நிமிடம் வையுங்கள். விரல் நுனிகளைக் காம்பைச் சுற்றி வைத்து, நெஞ்சை நோக்கி ஒரு நிமிடம் அழுத்தினால் கருவட்டம் இளகும். பிறகு பீய்ச்சுங்கள்: கட்டைவிரல் மேலே, ஆள்காட்டி விரல் கீழே, காம்பிலிருந்து சுமார் 3 சென்டிமீட்டர் தள்ளி. முதலில் நெஞ்சு நோக்கி அழுத்தி, அப்புறம் இரு விரலையும் சேர்த்து அமுக்கி, விட வேண்டும். தோல்மேல் விரலை வழுக்கி இழுத்தால் வலிதான் மிஞ்சும். கொஞ்சம் இளகியதும் பிள்ளையைப் போடுங்கள். கொடுத்து முடித்தபின் குளிர்ந்த துணி.

பீய்ச்சிய பால் நம் ஊர் வெக்கையில் வெளியே நான்கு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். ஃபிரிட்ஜின் உள்தட்டில் ஒரு நாள். அடுப்பில் சுடவைக்காமல் வெந்நீரில் கிண்ணத்தை வைத்துச் சூடேற்றுங்கள். மார்பில் ஓரிடம் சிவந்து, காய்ச்சலும் வந்தால் மருத்துவரைப் பாருங்கள். அப்போதும் அந்தப் பக்கம் பால் கொடுப்பதை நிறுத்த வேண்டாம்.

அழட்டும், அப்புறம் கொடுக்கலாம் என்பது

அழுகை பசியின் கடைசி அடையாளம். தலையைத் திருப்பித் தேடுவது, கையைச் சப்புவது, நாக்கை நீட்டுவது எல்லாம் அதற்கு முன்பே வந்துவிடும். இன்னொரு பக்கம், மஞ்சள் படர்ந்த பிள்ளை தூங்கிக்கொண்டே கிடக்கும். "சமத்துப் பிள்ள" என்று விட்டால் பால் குறைந்து, மலம் குறைந்து, மஞ்சள் இன்னும் ஏறும். முதல் இரண்டு வாரம் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருதரம் எழுப்புங்கள். துணியைக் கழற்றி, உள்ளங்காலைத் தேய்த்தால் விழிக்கும். வெயிலில் காட்டுவது மஞ்சளுக்கு வைத்தியம் ஆகாது.

கத்திரி வெயிலில் தண்ணீர்

ஆறு மாதம் வரை ஒரு சொட்டும் கூடாது. தாய்ப்பாலில் 88 சதவீதம் தண்ணீர்தான். வெயிலுக்கு இன்னொரு தடவை பால் கொடுங்கள்.

தாய்க்குத் தண்ணீரை அளந்து கொடுப்பது

"பச்சை உடம்பு, தண்ணி குடிச்சாப் பிள்ளைக்குச் சளி பிடிக்கும்" என்று ஒரு செம்புத் தண்ணீரை நாள் முழுக்க வைப்பார்கள். தாய் குடிக்கும் தண்ணீருக்கும் பிள்ளையின் சளிக்கும் சம்பந்தமே இல்லை. ஒவ்வொரு தடவை பால் கொடுக்க உட்காரும்போதும் பக்கத்தில் ஒரு தம்ளர் தண்ணீர் இருக்கட்டும். உளுந்தங்களி, பூண்டு, சுறாப்புட்டு எல்லாம் நல்ல சாப்பாடு, தாராளமாகக் கொடுங்கள். ஆனால் சுறாவைச் சாப்பிட்டுவிட்டுப் பிள்ளையைப் புட்டியில் விட்டால் பால் ஊறாது.

டப்பாப்பாலைக் கலக்கும் கணக்கு

டப்பா சீக்கிரம் தீர்கிறது என்று ஒரு கரண்டிக்கு இரண்டு பங்கு தண்ணீர் விடுவது அடிக்கடி நடக்கிறது. பிள்ளை வயிறு நிறைந்து, எடை ஏறாமல் கிடக்கும். கெட்டியாகக் கலந்தாலும் ஆபத்து, மலம் இறுகும், உடம்பில் உப்பு ஏறும். பெரும்பாலான டப்பாக்களில் தட்டையாக வழித்த ஒரு கரண்டிக்கு 30 மில்லி. உங்கள் டப்பாவில் என்ன போட்டிருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். முதலில் தண்ணீர், பிறகு மாவு. தாமிரபரணித் தண்ணீரானாலும் கொதிக்கவைத்து, இறக்கி அரை மணி நேரத்துக்குள் கலக்க வேண்டும், மாவில் இருக்கும் கிருமிக்கு அந்தச் சூடு வேண்டும். கலந்தபின் கிண்ணத்தைக் குளிர்ந்த நீரில் வைத்து ஆறவைத்து, மணிக்கட்டின் உட்புறத்தில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துவிட்டுக் கொடுங்கள். குடிக்கத் தொடங்கி ஒரு மணி நேரத்துக்குமேல் மிச்சத்தை வைக்காதீர்கள்.

தாய்ப்பாலே சிறந்தது என்று அந்த டப்பாவிலேயே அச்சிட வேண்டும் என்பது 1992-ஆம் ஆண்டுச் சட்டம். இந்த மாவுக்கு விளம்பரமும் செய்யக் கூடாது.

சங்கில் மூக்கைப் பிடித்துப் புகட்டுவது

நீட்டிய காலில் மல்லாக்கப் போட்டு, மூக்கைப் பிடித்துச் சங்கை வாயில் கவிழ்ப்பதை இன்றும் பார்க்க முடிகிறது. பால் நுரையீரலுக்குள் போகும். பிள்ளையைப் பாதி உட்காரவைத்த நிலையில் பிடித்து, சங்கின் மூக்கைக் கீழுதட்டில் வைத்து, சொட்டுச் சொட்டாக விடுங்கள். விழுங்கியபின் அடுத்தது. வெள்ளிச் சங்கானாலும் ஒவ்வொரு தடவையும் பத்து நிமிடம் கொதிக்க வேண்டும்.

கிரைப் வாட்டர், உரை மருந்து

வேண்டாம்.

பிள்ளையின் மார்பைப் பிதுக்கிப் பால் எடுப்பது

ஆண் பிள்ளைக்கும் பெண் பிள்ளைக்கும் அந்த வீக்கம் வரும், தானாக வடியும். பிதுக்கினால் சீழ் கட்டும்.

வைட்டமின் டி சொட்டு

நாளுக்கு 400 யூனிட். ஒரு மில்லிக்கு 400 உள்ள பாட்டிலும் இருக்கிறது, 800 உள்ளதும் இருக்கிறது. 800 என்றால் அரை மில்லிதான். பாட்டில் மாறும்போதெல்லாம் படித்துப் பாருங்கள்.

காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடுவது

பச்சை நிற வாந்தி, எழுப்பினாலும் குடிக்காமல் துவண்டு கிடப்பது, 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டோ அதற்கு மேலோ காய்ச்சல், தொட்டால் சில்லென்ற உடம்பு, நிமிடத்துக்கு 60-க்கு மேல் மூச்சு, உள்ளங்கை உள்ளங்கால் வரை மஞ்சள். இதில் ஒன்று இருந்தாலும் உரம் எடுக்கவோ சீர் பார்க்கவோ என்று நாட்டு வைத்தியத்துக்குக் கொண்டுபோகாமல், அந்த ராத்திரியே 108-ஐக் கூப்பிடுங்கள். போகிற வழியில் பிள்ளை தாயின் நெஞ்சோடு ஒட்டி, தலையில் துணி சுற்றி இருக்கட்டும்.