முட்டைப் பெட்டிக்கு பிஐடி: சைலேப், ஆர்டுயினோ வைத்து முதல் டியூனிங்

மஞ்சக்குப்பத்தில் அத்தை வீட்டுச் சிறுவிடைக் கோழி போன முறை அடையிலிருந்து பாதியிலேயே எழுந்து போய்விட்டது. அடுத்த முறைக்கு முட்டை பொரிக்கும் பெட்டி செய்து தருகிறேன் என்று வாய்விட்டுவிட்டேன். தெர்மோகோல் பெட்டி, 40 வாட் குண்டு பல்பு, காற்றைக் கலக்கச் சின்ன ஃபேன், டிஎஸ்18பி20 வெப்பநிலை சென்சார், பல்பை அணைத்து ஏற்றும் சாலிட் ஸ்டேட் ரிலே, எல்லாவற்றையும் இயக்கும் சின்னக் கணினிப் பலகையான ஆர்டுயினோ ஊனோ. தேவை 37.5 டிகிரி, 21 நாள். 230 வோல்ட் பக்கம் பழக்கம் இல்லையென்றால் தெரிந்தவரைக் கூட வைத்துக்கொள்ளுங்கள்.

இலக்குக்கும் இப்போதைய வெப்பநிலைக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்த்து, பல்பு எவ்வளவு எரிய வேண்டும் என்று கணக்கிடும் முறைதான் பிஐடி. பி இப்போதைய வித்தியாசத்தையும், ஐ இதுவரை சேர்ந்த வித்தியாசத்தையும், டி அது மாறும் வேகத்தையும் பார்க்கும். ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு எடை என்பதே கே எண். பலரும் இந்த கே எண்களை மனம்போன போக்கில் மாற்றிப் பார்ப்பார்கள். அதைச் செய்யாதீர்கள். முதலில் பெட்டியை அளக்க வேண்டும்.

படி 1: சைலேபை நிறுவுங்கள். பிரான்சின் இன்ரியா ஆய்வு நிறுவனத்தில் பிறந்த இலவச, திறந்த மூல கணக்கீட்டு மென்பொருள். ஐஐடி பம்பாயின் ஃபாசி திட்டம் இதை நம் கல்லூரிகளில் பரப்புகிறது. கட்டம் கட்டமாக வரைந்து ஓட்டிப் பார்க்கும் எக்ஸ்காஸ் இதனுடனேயே வரும்.

படி 2: இதுதான் முக்கியமான வேலை. பிஐடி இல்லாமல், பல்பை 50 சதவீதத்தில் விடுங்கள்; அதாவது 5 விநாடியில் இரண்டரை விநாடி எரியும். விநாடிக்கு ஒருமுறை வெப்பநிலையைப் பதிவு செய்துகொண்டே, அது ஏறி நிற்கும்வரை காத்திருங்கள். எனக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று. ஈரத்துக்கு வைக்கும் தண்ணீர்க் கிண்ணம் இப்போதே உள்ளே இருக்கட்டும். பிறகு வைத்தால் பெட்டியின் குணமே மாறிவிடும். இரவில் செய்யுங்கள். கடலூர் அக்னி நட்சத்திர மதியத்தில் அறையே பெட்டி அளவுக்குக் கொதிக்கும், பல்பால் குளிர்விக்க முடியாது.

எனக்கு 30 டிகிரியில் தொடங்கி 39இல் நின்றது. 9 டிகிரியை 50ஆல் வகுத்தால் 0.18, இது ஆதாயம், அதாவது பல்பின் ஒரு சதவீதத்துக்கு ஏறும் டிகிரி. பல்பு எரிந்தும் சென்சார் அசையாத நேரம் 40 விநாடி, இது தாமதம். அதற்குப் பிறகு, மொத்த ஏற்றத்தில் 63 சதவீதத்தை, அதாவது 35.7 டிகிரியைத் தொட 600 விநாடி. இது நேர மாறிலி.

படி 3: ஸீக்லர், நிக்கல்ஸ் இருவரும் 1942இல் தந்த விதிப்படி, டி இல்லாமல், பி மதிப்பு 75 வரும். எனக்கு அது முரட்டுத்தனமாகப் பட்டது. ஸ்கோகெஸ்டாட் விதி நிதானமானது: நேர மாறிலியை, ஆதாயம் பெருக்கல் தாமதம் பெருக்கல் 2ஆல் வகுங்கள். 600ஐ 14.4ஆல் வகுத்தால் ஏறக்குறைய 42. ஐ நேரம், தாமதத்தைப் போல 8 மடங்கு, 320 விநாடி. 42ஐ 320ஆல் வகுத்தால் ஐ மதிப்பு 0.13. டி பூஜ்யமே போதும், சென்சார் 0.0625 டிகிரிப் படிகளில் தாவுவதால் டி வீணாகத் துள்ளும்.

படி 4: எக்ஸ்காஸில் பிஐடி, சாச்சுரேஷன் (வெளியீட்டுக்கு எல்லை கட்டுவது), டிரான்ஸ்ஃபர் ஃபங்ஷன் (ஆதாயமும் நேர மாறிலியும் கொண்ட நம் பெட்டி), தாமதம், ஸ்கோப் (வளைவை வரைந்து காட்டுவது) என்று கோத்து ஓட்டுங்கள். ஓடும் நேரம் 3600 விநாடி. சாச்சுரேஷனை 0 முதல் 100 வரை வையுங்கள். பல்பு அதற்கு மேல் எரியாதே. வளைவு இலக்கைத் தாண்டிப் போவது தெரியும். பல்பு முழு வீச்சில் இருக்கும்போதும் ஐ தன் கணக்கை ஏற்றிக்கொண்டே போவதுதான் காரணம்.

படி 5: ஆர்டுயினோவில் பிரெட் போரிகார்ட் எழுதிய பிஐடி நூலகத்தை, அதாவது தயார் நிரல் தொகுப்பை, பயன்படுத்துங்கள். இங்கேதான் நான் வழுக்கினேன். அதன் வெளியீட்டு எல்லை, நாம் மாற்றாவிட்டால், 0 முதல் 255 வரை. நம் கணக்கோ சதவீதம். பெட்டி 40ஐத் தாண்டியது. நல்லவேளை, முட்டை வைக்கவில்லை. எல்லையை 100 ஆக்கினால் ஐ அதற்கு மேல் ஏறாது. அப்புறம் கணக்கிடும் இடைவெளியை 100 மில்லி விநாடியிலிருந்து 1000 ஆக்குங்கள். 12 பிட்டில் சென்சார் ஒரு அளவைத் தரவே 750 மில்லி விநாடி வரை எடுக்கும். அதுவரை நிரல் காத்து நின்றால் ரிலேயின் நேரம் பிசகும். எனவே அளக்கச் சொல்லிவிட்டு வேறு வேலை பார்த்து, பிறகு வந்து வாங்கிக்கொள்ளும்படி எழுதுங்கள்.

முதல் ஏற்றத்தில் இப்போதும் கொஞ்சம் தாண்டும். அது அடங்கி ஓர் இரவு முழுக்க நிலையாக நின்ற பிறகுதான் அத்தையிடம் முட்டை கேட்டேன். "கரண்ட் போனா உன் கம்ப்யூட்டர் என்னப்பா பண்ணும்?" என்றார். இன்வெர்ட்டரில் மாட்டியிருக்கிறேன்.