கேமரன் மலைக்கு வாந்தியில்லாமல் போக

மலேசியாவின் கேமரன் மலையில் விடுதி அறை பிடிப்பது பெரிய காரியமில்லை. கோலாலம்பூர் செந்தூலிலிருந்து இரண்டு வாண்டுகளை வாந்தியில்லாமல் அங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் காரியம். தாப்பாவில் நெடுஞ்சாலையை விட்டு இறங்கினால் மலைமேல் இருக்கும் தானா ராத்தா ஊர் வரை வளைவுக்கு மேல் வளைவு. லாத்தா இஸ்கந்தார் அருவி வருவதற்குள் சின்னவளுக்கு முகம் வெளுத்துவிடும். அவளைப் பார்த்தே பெரியவன் குமட்டுவான்.

இப்போது சிம்பாங் பூலாய் வழியாகத்தான் போகிறோம். வடக்கே ஈப்போ நகரப் பக்கம் வரை போவதால் தூரமும் பெட்ரோலும் கூடுதல். கணவர் முணுமுணுத்தார், முணுமுணுக்கட்டும். அந்தச் சாலை அகலமானது, வளைவுகள் அவ்வளவு நெருக்கமில்லை, வயிறு புரளுவதில்லை. புறப்படும் காலையில் பாலும் மைலோவும் கிடையாது. ஆளுக்கு ஓர் இட்லி. பள்ளி விடுமுறையின் சனி, ஞாயிறுகளில் கியா ஃபார்ம் சந்தையருகே வாகனங்கள் ஊர்ந்துதான் போகும் என்பதால் வார நாளில் கிளம்புகிறோம்.

விடுதியின் படங்களை நான் நம்புவதில்லை. குடும்ப அறை என்று பதிவு செய்த ஓரிடத்தில் ஒற்றைக் கட்டில்கள் இரண்டை ஆளுக்கொரு மூலையில் போட்டிருந்தார்கள். பணம் கட்டுமுன் தொலைபேசியில் கேட்டுவிடுகிறேன்: "கட்டில்களை ஒட்டிப் போட முடியுமா? அறை தரைத்தளத்திலா? பால்கனிக் கம்பிகளுக்கு நடுவே குழந்தையின் தலை நுழையுமா?" கடைசிக் கேள்விக்குச் சிரித்த வரவேற்பாளர், போய் அளந்து பார்த்துவிட்டுத் திரும்ப அழைத்தார். அங்கேதான் அறை எடுத்தோம்.