இத்தாலிக் கடற்கரையில் குடை வாடகைக்கு எடுக்கிறீர்களா? குடும்பங்கள் விடும் தவறுகள்

பள்ளி விடுமுறை தொடங்கியதும் சுவிஸிலும் தென் ஜெர்மனியிலும் இருக்கிற தமிழ்க் குடும்பங்கள் பல, கொட்டார்ட் சுரங்க வரிசையில் காத்திருந்து இத்தாலிக்கு இறங்குகின்றன. சூரிச்சிலிருந்து ஆத்ரியாட்டிக் கடலோர ஊரான ரிமினி ஏறத்தாழ 600 கிலோமீட்டர். சின்னப் பிள்ளைகளோடு போக ஆத்ரியாட்டிக் கரை நல்ல இடம்தான். கடல் மெல்ல மெல்லத்தான் ஆழமாகும், மணல் அகலமானது, கழிப்பறையும் ஷவரும் பக்கத்திலேயே இருக்கும். ரிமினியில் முதல் குளியல் நிலையம் திறந்தது 1843-இல். குடை வாடகைக்கு விடுவது அவர்களுக்குப் பரம்பரைத் தொழில். தெரியாமல் போய் நிற்பது நாம்தான்.

ஏற்பாடு இதுதான். கரை முழுவதும் அரசின் சொத்து. அதைத் துண்டு துண்டாக உரிமம் எடுத்தவர்கள் குடைகளை வரிசையாக நட்டு வாடகைக்கு விடுகிறார்கள். ரிமினிப் பக்கம் அப்படி ஓர் இடத்துக்கு 'பாஞ்ஞோ' என்று பெயர். ஒவ்வொரு பாஞ்ஞோவுக்கும் எண் உண்டு, அதற்குள் ஒவ்வொரு குடைக்கும் எண் உண்டு. ஒரு குடை, இரண்டு சாய்கட்டில் சேர்ந்தது ஒரு செட். கடலை நெருங்க நெருங்க விலை ஏறும்.

முன் வரிசைக்குக் கொட்டும் காசு

முன் வரிசையில் குடை பெரிதாக இருக்காது, நிழலும் அதிகமாகக் கிடைக்காது. கூடுதல் காசு முழுவதும் கடலைப் பார்ப்பதற்குத்தான். அதோடு, காலை முதல் மாலை வரை கரையோரம் நடக்கிற ஊர்ச்சனம் முழுவதும் உங்கள் கால்மாட்டில்தான் போகும். காற்றடித்தால் மணல் முதலில் வருவதும் அங்கேதான்.

நீந்தத் தெரியாத பிள்ளை இருந்தால் முன் வரிசை உதவும் என்பார்கள். ஓரளவு சரி. ஆனால் கட்டிலில் சாய்ந்து போனைப் பார்த்துக்கொண்டே பிள்ளையையும் பார்ப்பது கண்காணிப்பு ஆகாது. எந்த வரிசையில் இருந்தாலும் பெரியவர் ஒருவர் தண்ணீருக்குள் இறங்கி நிற்கத்தான் வேண்டும். அப்படி நிற்கப் போகிறீர்கள் என்றால் குடை எங்கே இருந்தால் என்ன?

அம்மம்மாவோ கைக்குழந்தையோ கூட வருகிறார்கள் என்றால் பின் வரிசைதான் என் தேர்வு. கழிப்பறை, குடிதண்ணீர், சிற்றுண்டிக் கடை, ஊஞ்சல் எல்லாம் அந்தப் பக்கம் இருக்கும். ஒரு மணி வெயிலில் கொதிக்கிற மணலைக் கடந்து பத்துத் தடவை போய்வருவது முட்டுவலிக்காரருக்கு என்ன பாடு என்று யோசித்துப் பாருங்கள். முன்பதிவு செய்யும்போது எத்தனையாவது வரிசை என்று கேட்பதோடு நிற்காமல், ஒரு குடைக்கும் அடுத்த குடைக்கும் எத்தனை மீட்டர் இடைவெளி என்றும் கேளுங்கள். அது ஏன் என்பது அடுத்து வருகிறது.

நிழல் நகரும்

காசு கொடுத்தது குடைக்கு. நிழல் அதன் பாட்டுக்கு நகர்ந்துகொண்டே இருக்கும். ரிமினிக் கரை வடகிழக்கைப் பார்த்தது. ஜூலை நடுவில் காலை பத்து மணிக்குக் கடலைப் பார்த்தபடி இருந்தால், நிழல் உங்களுக்கு இடப்பக்கம், கொஞ்சம் பின்னால் விழும். கட்டிலைப் பின்னுக்கு இழுத்துப் போட வேண்டும். சூரியன் உச்சிக்கு வருவது பன்னிரண்டு மணிக்கு அல்ல. கோடைகால நேர மாற்றத்தால் அங்கே அது 1:15 ஆகிவிடும். வெயில் மிகக் கடுமையாக இருப்பது அதற்கு முன்னும் பின்னுமான இரண்டிரண்டு மணி நேரம். "பன்னிரண்டு தாண்டிவிட்டது, இனிக் குறையும்" என்று சாப்பிட்டுவிட்டுப் பிள்ளைகளை இறக்குவது நேர் எதிரான கணக்கு. இரண்டரை மணிக்கும் அந்த வெயில் அப்படியே நிற்கும்.

மாலை ஐந்து மணிக்கு என்ன ஆகும்? இரண்டேகால் மீட்டர் உயரத்தில் விரிந்த குடையின் நிழல், கம்பத்திலிருந்து ஏறத்தாழ இரண்டே முக்கால் மீட்டர் தள்ளி, கடற்பக்கமாக வலது கைக்கு விழும். குடைகள் நெருக்கமாக நட்ட இடத்தில் அது உங்கள் இடமே இல்லை, முன் வரிசைக்காரரின் கட்டில். நாலரை மணிக்குப் பிறகு வரிசைகளைப் பார்த்தால் தெரியும்: ஆளாளுக்குக் கட்டிலை இழுத்துக்கொண்டு அடுத்தவர் குடையின் நிழலில் தலையையும் தன் குடையின் வெயிலில் காலையும் வைத்துப் படுத்திருப்பார்கள். இடைவெளி அகலமாக இருந்தால் இந்த இழுபறி இல்லை. குடையின் தலை சாய்கிற வகையா என்றும் கேளுங்கள். சாயுமென்றால் மாலையில் கடைப் பையனைக் கூப்பிட்டுச் சாய்க்கச் சொன்னாலே போதும்.

குடைக்குக் கீழே இருக்கிறோம், வெயில் கிரீம் எதற்கு என்று விட்டுவிடுவது இன்னொரு தவறு. டெக்சஸின் ஓர் ஏரிக்கரையில் 81 பேரை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 2017-இல் வெளிவந்தது. மூன்றரை மணி நேரம் கடற்கரைக் குடையை மட்டும் நம்பி இருந்தவர்களில் 78 சதவீதம் பேருக்குத் தோல் வெந்தது. குடையில்லாமல் எஸ்பிஎஃப் 100 கிரீம் மட்டும் பூசியவர்களில் 25 சதவீதம். காரணம் எளிது. புற ஊதாக் கதிர் வானத்தின் எல்லாப் பக்கமிருந்தும் சிதறி வருகிறது, காய்ந்த மணலும் ஏறத்தாழ 15 சதவீதத்தைத் திருப்பி அடிக்கிறது. குடை மேலிருந்து வருவதை மட்டும்தான் மறைக்கும். நம் தோல் வெள்ளைக்காரரின் தோல் போலச் சட்டென்று சிவக்காது என்பது உண்மை. அதற்காக வேகவே வேகாது என்று இல்லை. வெப்பத்தால் வரும் மயக்கத்துக்குத் தோலின் நிறமும் தெரியாது. குடை, கிரீம், தொப்பி மூன்றும் சேர்ந்தால்தான் காப்பு.

கைக்குழந்தையைத் தள்ளுவண்டியில் விட்டு வெயில் படாமல் துணியால் மூடுகிறவர்களும் உண்டு. தயவுசெய்து வேண்டாம். உள்ளே காற்றோட்டம் நின்று சூடு ஏறிவிடும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தையை நடுப்பகலில் கரைக்கே கொண்டுபோகாமல் இருப்பது நல்லது.

ஒரு குடைக்குள் ஒன்பது பேர்

நம் வழக்கம் தெரிந்ததே: இரண்டு குடும்பம், பிள்ளைகள், ஊரிலிருந்து வந்த மாமா மாமி. ஒரு செட் எடுத்துவிட்டு மற்றவர்கள் மணலில் துணி விரித்துக்கொள்ளலாம் என்று நினைப்பார்கள். பல இடங்களில் ஒரு குடைக்கு இத்தனை பேர்தான் என்று வரம்பு உண்டு, பெரும்பாலும் நான்கு. வந்து எழுப்புவார்கள், வாக்குவாதம் வரும், பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பக்கத்துப் பக்கத்து எண்ணில் இரண்டு குடை என்று முன்கூட்டியே கேட்டு எடுங்கள். ஆகஸ்ட் 15-ஐ ஒட்டிய வாரத்தில் இத்தாலியே கரையில்தான் இருக்கும். அன்று காலை போய்ப் பக்கத்துப் பக்கத்துக் குடை கேட்டால் சிரிப்பார்கள்.

ஒரே பாஞ்ஞோவில் எல்லாக் குடையும் ஒரே நிறம். ஐந்து வயதுப் பிள்ளை தண்ணீரிலிருந்து திரும்பி வந்தால் எது நம் குடை என்று தெரியாது. பாஞ்ஞோ எண்ணையும் குடை எண்ணையும் அழியாத பேனாவால் கையில் எழுதிவிடுங்கள். ரிமினிக் கரை நெடுகப் 'பூப்ளிஃபோனோ' என்ற ஒலிபெருக்கிச் சேவை பல பத்தாண்டுகளாக இருக்கிறது. விளம்பரத்துக்கு நடுவில், தொலைந்த பிள்ளை எந்த பாஞ்ஞோவில் நிற்கிறது என்று அறிவிப்பார்கள். நம் பிள்ளைகளின் பெயர் அந்த ஒலிபெருக்கியில் என்ன வடிவத்தில் வரும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. எண்ணையே கவனமாகக் கேளுங்கள்.

விலைப்பட்டியலில் 'கபீனா' என்று பார்த்து, நிழலான தனியறை என நினைத்துக் காசு கட்டிவிடாதீர்கள். அது உடை மாற்றவும் பையைப் பூட்டி வைக்கவுமான ஒடுக்கமான அறை. உட்காரக்கூட முடியாது. நாலு பக்கமும் திரை தொங்கும் பெரிய கூடாரம் வேண்டுமென்றால் டஸ்கனியின் வெர்சீலியாக் கரையில் அது பிரபலம். அங்குள்ள ஃபோர்தே தெய் மார்மி ஊரில் ஆகஸ்ட் மாதம் ஒரு நாளுக்கே நூற்றுக்கணக்கில் யூரோ போகும். குடும்பத்தோடு போகிறவர்களுக்கு அந்தச் செலவு தேவையே இல்லை என்பது என் கருத்து. அதே காசுக்கு ரிமினியில் பல நாளைக்கு இரண்டு குடை எடுக்கலாம்.

மஞ்சள் கொடி

வேறு நாடுகளில் மஞ்சள் கொடி என்றால் கவனமாகக் குளி என்று பொருள். இத்தாலியில் மஞ்சள் கொடி ஏறினால் காற்று பலம், குடைகளைச் சுருக்கு என்று பொருள். கடைக்காரர் வந்து மளமளவென்று எல்லாக் குடையையும் மூடிவிடுவார். காசு கொடுத்த குடையை ஏன் மூடுகிறாய் என்று சண்டை போடுவதும், அவர் போனதும் திரும்ப விரிப்பதும் நடக்கிறது. பிடுங்கிக்கொண்டு பறக்கும் குடையின் கூர்நுனி ஆளைக் கொல்லும். 2022-இல் அமெரிக்காவின் தென் கரோலினாவில் ஒரு பெண் அப்படித்தான் இறந்தார். விரிக்காதீர்கள்.

ரிமினி இருக்கிற ரொமாஞ்ஞா கரையில் கர்பீனோ என்ற சூடான தென்மேற்குக் காற்று அடிக்கும். தரையிலிருந்து கடலை நோக்கி வீசும் காற்று அது. அன்று கடல் அலையில்லாமல் வழவழவென்று கிடக்கும், பார்த்தால் பிள்ளைகளை விட ஆசையாக இருக்கும். ஆனால் காற்றடைத்த வாத்தும் மெத்தையும் பிள்ளையோடு சேர்ந்து ஆழத்துக்குப் போகும், நீந்திப் பிடிப்பது கஷ்டம். மஞ்சள் கொடி தெரிகிற நாளில் மிதவைகளின் காற்றைப் பிடுங்கிப் பையில் வைத்துவிடுவதுதான் சரி. சிவப்புக் கொடி என்றால் தண்ணீர்ப் பக்கமே வேண்டாம்.

எது உங்கள் இடம், எது இல்லை

நீரோரத்திலிருந்து ஐந்து மீட்டர் அகலம் எல்லோரும் நடக்கும் வழி. வாடகைக் கட்டிலை அங்கே இழுத்துக்கொண்டு போகக் கூடாது, துண்டு விரித்துப் படுக்கவும் கூடாது. அதேபோல, குடை எடுக்காதவர் பாஞ்ஞோ வழியாகக் கடலுக்குப் போவதை யாரும் தடுக்க முடியாது. சட்டமே அந்த உரிமையைக் கொடுக்கிறது. காசு கட்டினால்தான் கடலைத் தொடலாம் என்று நினைத்து வாடகை எடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். அரைமணி நேரம் கால் நனைக்க அது வேண்டாம். சொந்தக் குடை இருந்தால் 'ஸ்பியாஜா லீபெரா' என்கிற இலவசக் கரையில் நட்டுக்கொள்ளலாம். இடம் பிடிக்க என்று இரவு விட்டுவிட்டுப் போனால் மட்டும் காலையில் இருக்காது. கடலோரக் காவல்படையினர் அள்ளிக்கொண்டு போவார்கள், அபராதமும் வரும்.

சாப்பாடு கொண்டுபோகலாமா? ரோல்ஸ், கட்லட், புளிச்சாதம் எதுவானாலும் அடக்கமாகச் சாப்பிட்டுக் குப்பையை எடுத்தால் ஒருவரும் ஒன்றும் சொல்வதில்லை. பையைத் திறந்து பார்க்கும் உரிமை கடைக்காரருக்குக் கிடையாது. கேஸ் அடுப்பு, கண்ணாடிப் போத்தல் இரண்டும் வேண்டாம். மத்தியானம் ஒரு மணிக்கு மேல் பல இடங்களில் அமைதி நேரம். பாட்டு, பந்து எல்லாம் அப்போது நிற்க வேண்டும்.

குடையடிக்கே வந்து விற்கும் பெயர்போன நிறுவனக் கைப்பைகளும் கறுப்புக் கண்ணாடிகளும் பெரும்பாலும் போலி. போலிப் பொருளை வாங்குகிறவருக்கே இத்தாலியில் 300 யூரோவிலிருந்து 7,000 யூரோ வரை அபராதம் உண்டு. பேரம் பேசி வென்றோம் என்ற சந்தோஷம் நிலைக்காது.

காசு கட்டும் முன்

முதலில் ஹோட்டலில் கேளுங்கள். ரிமினிப் பக்கம் பல ஹோட்டல்களின் விலையிலேயே ஒரு பாஞ்ஞோவின் குடை அடங்கியிருக்கும். தெரியாமல் வெளியே இன்னொரு குடை எடுத்து இரட்டிப்பாகக் கட்டுகிறவர்கள் உண்டு. அடங்கியிருந்தால் எந்த எண் பாஞ்ஞோ, எத்தனையாவது வரிசை, ஓர் அறைக்கு எத்தனை கட்டில் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

முன்பணம் கேட்டால் ரசீதில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். 'கப்பாரா கொன்ஃபெர்மாத்தோரியா' என்றிருந்தால், நீங்கள் வராவிட்டால் அந்தப் பணம் போச்சு. அவர் இடம் தராமல் ஏமாற்றினால் இரண்டு மடங்காகத் திருப்பித் தர வேண்டும். வெறும் 'அக்கோந்தோ' என்றால் அது விலையின் ஒரு பகுதி மட்டும், ரத்தானால் திரும்பக் கேட்கலாம். அடுத்த வருடமும் இதே இடம், இப்போதே கட்டுங்கள் என்று சொன்னால் யோசியுங்கள். கரை உரிமங்களை ஏலத்துக்கு விடச் சொல்லி ஐரோப்பிய ஒன்றியத்தோடு நீண்ட இழுபறி நடக்கிறது. 2024 ஆகஸ்ட் 9 அன்று உரிமம் எடுத்தவர்கள் காலையில் குடைகளை விரிக்காமல் வேலைநிறுத்தம் செய்தார்கள். பிறகு இருக்கிற உரிமங்கள் பொதுவாக 2027 செப்டெம்பர் வரை நீட்டிக்கப்பட்டன. அதற்குப் பிறகு அந்த இடத்தில் யார் இருப்பார் என்பது காசு கேட்கிறவருக்கே தெரியாது.

அப்புறம் மழை. இடியோடு வந்து ஒரு மணி நேரத்தில் கடந்துபோகிற கோடை மழைக்குப் பணம் திரும்பாது. ஒரு வாரத்துக்கு ஒன்றாகக் கட்டினால் மலிவு, ஆனால் வானிலை மோசமான நாளுக்கும் சேர்த்துத்தான் கட்டுகிறீர்கள். மூன்று நாள் எடுத்துப் பார்த்து நீட்டிப்பது என் வழக்கம். ஆகஸ்ட் நடுவில் மட்டும் இந்த வழி பலிக்காது. பயணக் களைப்போடு மத்தியானம் இரண்டு மணிக்குப் போய்ச் சேர்கிற நாளில் முழுநாள் வாடகையை நீட்டாமல், அரைநாள் விலை உண்டா என்று கேளுங்கள். பல இடங்களில் உண்டு, கேட்காதவருக்குச் சொல்ல மாட்டார்கள்.