வாக்குத்தத்தம் ஒரு பக்கம், வாழ்க்கை ஒரு பக்கம்: விசுவாசிகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டிசம்பர் 31 இரவு ஆராதனையில் வாங்கிய வாக்குத்தத்த அட்டை (தேவன் தரும் வாக்காக ஒரு வேதவசனம் எழுதியது), கடலூர் பக்கம் பல வீடுகளில் வருடம் முழுக்கக் காலண்டருக்குப் பக்கத்திலேயே இருக்கும். நடுவில் வேலை போகிறது, அல்லது ஸ்கேன் ரிப்போர்ட் பயமுறுத்துகிறது. அப்புறம் அந்த அட்டையைப் பார்த்தாலே மனசு வலிக்கிறது. அந்த வலியில் இருப்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் அதிகம் பார்க்கும் தவறு, வசனத்தை எடுத்துக்கொண்டு, அது வரும் அதிகாரத்தை, அதாவது முழு அத்தியாயத்தை, விட்டுவிடுவது. எரேமியா 29:11 நமக்கு மனப்பாடம்: தேவனுடைய நினைவுகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கே. ஆனால் அது எருசலேமிலிருந்து பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எரேமியா தீர்க்கதரிசி எழுதிய கடிதம். முந்தைய வசனமே எழுபது வருஷம் ஆகும் என்கிறது. இரண்டே வருஷத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று அனனியா என்ற தீர்க்கதரிசி சொன்னான். கர்த்தர் அவனை அனுப்பவே இல்லை. கடிதம் கேட்ட பெரியவர்கள் பலர் எருசலேமைத் திரும்பப் பார்த்திருக்க முடியாது. ஆனாலும் அந்த வாக்கு அவர்களுக்கும் சேர்த்துத்தான். அதுவரை என்ன செய்வது? வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், இருக்கிற ஊருக்காக ஜெபியுங்கள் என்று அதே கடிதம் சொல்கிறது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையைக் கடந்தபோது பண்ருட்டி பக்கம் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. திரும்பக் கன்று வைத்த எவரும் மறு வருடமே பழம் பறிக்கலாம் என்று நினைத்திருக்க மாட்டார். தேவனுடைய வாக்குக்கு மட்டும் நாம் அந்த அவகாசத்தைத் தருவதில்லை.

வாக்கு நிறைவேற நாமே தேதி குறிப்பது இதற்கு அடுத்த தவறு. ஆபிரகாம் வாக்குத்தத்தத்தோடு புறப்பட்டபோது வயது 75. வாக்குப்படி மகன் ஈசாக்கு பிறந்தபோது 100. நடுவில் தாமதம் தாங்காமல் அடிமைப்பெண் ஆகார் மூலம் பிள்ளை பெறக் குறுக்கு வழி தேடினார்கள், அந்தக் குடும்பமே வேதனைப்பட்டது.

இன்னொன்றைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். ஜிப்மர் ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்க்கிறவர், "விசுவாசிக்கிறேன்" என்று மாத்திரையை நிறுத்தக் கூடாது. சாகும் வியாதியில் கிடந்த எசேக்கியா ராஜாவுக்குக் கர்த்தர் 15 வருஷம் கூட்டித் தருவதாக வாக்குக் கொடுத்தார். வாக்கு வந்த பிறகும் ஏசாயா தீர்க்கதரிசி அத்திப்பழ அடை கொண்டுவரச் சொன்னார். அதை ராஜாவின் பிளவையின்மேல் (கட்டியின்மேல்) பற்றுப் போட்டார்கள், ராஜா பிழைத்தார். மருந்து போடுவது அவிசுவாசம் என்று அங்கே யாரும் சொல்லவில்லை.

கஷ்டப்படுகிறவரிடம் போய் "உங்களுக்கு விசுவாசம் பத்தவில்லை" என்பது கொடுமை. 2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. சுனாமியில் கடலூர் தேவனாம்பட்டினத்தில் கடல் ஊருக்குள் வந்தது. பறிகொடுத்தவர்கள் மற்றவர்களைவிடப் பாவிகளா? சீலோவாம் கோபுரம் விழுந்து 18 பேர் இறந்ததைப் பற்றி இயேசுவே அப்படிக் கேட்டார், "அப்படியல்ல" என்று பதிலும் சொன்னார். அப்படிப்பட்ட வீட்டுக்குப் போனால் பேச்சைக் குறைத்துக்கொண்டு கூட உட்காருங்கள், சாப்பாடு கொண்டுபோங்கள்.

கடைசியாக, ஜெபத்தில் சந்தேகத்தை மறைப்பது. சபையில் "ஸ்தோத்திரம்" என்று சிரித்துவிட்டு வீட்டில் தலையணையை நனைக்கிறவர்கள் எத்தனையோ பேர். சங்கீதம் 13 "எதுவரைக்கும்" என்றுதானே ஆரம்பிக்கிறது? பாபிலோன் சேனை எருசலேமைச் சுற்றி வளைத்திருந்தபோது, காவலில் இருந்த எரேமியா கர்த்தர் சொன்னபடி 17 சேக்கல் வெள்ளி கொடுத்து ஆனதோத்தில் ஒரு நிலத்தை வாங்கினார். வாங்கிவிட்டுத்தான் ஜெபித்தார்: நகரமோ கல்தேயர் (பாபிலோனியர்) கையில் போகிறது, நீரோ நிலத்தை வாங்கு என்கிறீரே! நாமும் அப்படியே சொல்லலாம்: ஆண்டவரே, நீர் சொன்னது இது, நான் பார்ப்பது இது. கர்த்தர் எரேமியாவைக் கடிந்துகொள்ளவில்லை. அவர் தந்த பதிலில் இரண்டுமே இருந்தன: நகரம் விழும்; அப்புறம் இதே தேசத்தில் ஜனங்கள் திரும்பவும் நிலம் வாங்குவார்கள்.